கூட்ஸ் போகட்டும் என்று நிற்கும் நேரம்



இந்த மாதம் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது இரண்டு கட்டுகள் மற்றவற்றைவிட உயரமாக நின்றன. ஒன்று திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் பக்கத்திலிருந்து வந்தது. மற்றொன்று மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கத்திலிருந்து. எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் இரண்டு கட்டிலும் ஒரே வாக்கியம் வந்துகொண்டே இருந்தது: "கூட்ஸுக்காக நிறுத்திட்டாங்க."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் பிரிவில் வேலை செய்யும் ஒரு சகோதரி, பள்ளி நோட்டுத் தாளைக் கிழித்து நீலப் பேனாவால் எழுதியிருக்கிறார். திருநின்றவூரில் ஏறி அம்பத்தூரில் இறங்குபவர். எட்டரைக்குள் கார்டு பஞ்ச் செய்தாக வேண்டும். பத்து நிமிடம் தாண்டினால் ஒரு மணி நேரச் சம்பளம் பிடிப்பார்கள், அரைமணி தாண்டினால் அரைநாள் போய்விடும். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ரயில் லேட்டுன்னு சொன்னா சூப்பர்வைசர், தினமும் இதையே சொல்றியேங்கறார். சம்பளம் போறதுகூடப் பரவாயில்லை சார். நான் பொய் சொல்றேன்னு நினைக்கிறார் பாருங்க, அதுதான் தாங்க முடியல."

அந்தத் தாளை மேசையிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த மாத ஆசிரியர் பக்கம் அவருக்காகவே.

காலை ஏழரை மணிக்குத் திருநின்றவூர் நடைமேடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆவடி டாங்கி தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், பெரம்பூர் ஐ.சி.எஃப்.புக்குப் போகிறவர்கள், பட்டாபிராம் இந்துக் கல்லூரி மாணவர்கள், கூடையில் கீரைக்கட்டும் பூவும் சுமந்து வரும் அம்மாக்கள், அண்ணா நகரிலும் வில்லிவாக்கத்திலும் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், சென்னை மருத்துவமனைகளில் டோக்கன் வாங்கப் போகும் வயதானவர்கள். வண்டி வரும் என்று அறிவிப்பு வந்துவிடும். எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நெருக்கி நிற்பார்கள். வருவதோ கூட்ஸ். நீளமான வண்டி, நிலக்கரித் தூள் காற்றில் பறக்க, பெட்டிக்குப் பின் பெட்டியாகக் கடந்துகொண்டே இருக்கும். அதன் கடைசி வேகன் போய், சிக்னல் மாறி, நம் வண்டி எங்கோ பின்னாலிருந்து நகர்ந்து வந்து சேரும்போது கூட்டம் இரண்டு மடங்காகியிருக்கும். ஏற முடியாதவர்கள் அடுத்த வண்டிக்கு நிற்பார்கள். ஐந்து நிமிடத் தாமதம் ஒருவருக்கு இருபது நிமிடமாவது இப்படித்தான்.

நடுவழியில் நிற்கும் வண்டி இன்னும் மோசம். நிலையத்துக்கு வெளியே அவுட்டர் சிக்னலில் போட்டுவிட்டால் இறங்கவும் முடியாது, ஏன் நிற்கிறது என்று கேட்கவும் ஆள் கிடையாது. கதவோரம் நிற்பவர் எட்டிப் பார்த்து "கூட்ஸ் போவுது" என்று சொன்னால் அதுதான் அன்றைய அறிவிப்பு.

திருநின்றவூர் வழியாக மேற்கே போகும் இந்தப் பாதை இன்று நேற்று போட்டதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இந்த வழியாகத்தான். அப்போதே இது ஆட்களுக்கும் சரக்குக்கும் பொதுவான பாதை. 1979-ல் கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் மின்சார ரயில் வந்தது. மனை விலை குறைவு, ரயில் வசதி உண்டு என்று நம்பிச் சென்னையிலிருந்து குடும்பங்கள் மேற்கேயும் வடக்கேயும் நகர்ந்தன. இன்னொரு பக்கம் துறைமுகங்கள் வளர்ந்தன. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. இன்று அது காமராஜர் துறைமுகம். பக்கத்தில் காட்டுப்பள்ளியும் வந்தது. நிலக்கரித் தூசி வடசென்னை மக்களை வாட்டியதால், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போனது. ராயபுரம், தண்டையார்பேட்டை மக்களின் நுரையீரலுக்கு அது நல்ல காரியம். அதே சமயம் அத்திப்பட்டு வழியாக வெளியே வரும் சரக்கு ரயில்களின் முக்கியத்துவமும் அப்போது கூடியது.

அந்த நிலக்கரி எங்கே போகிறது என்று யோசித்துப் பார்ப்போம். மேட்டூர் அனல் மின் நிலையம் 1,440 மெகாவாட் திறன் உள்ளது. அதற்கு வேண்டிய நிலக்கரியில் ஒரு பகுதி கப்பலில் எண்ணூருக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் கொருக்குப்பேட்டை, பெரம்பூர், ஆவடி, திருநின்றவூர், அரக்கோணம், ஜோலார்பேட்டை, சேலம் என்று போகிறது. பெங்களூர் ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் முனையத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே ஓடும் வண்டிகளுக்கும் இதுதான் வழி. மணலியிலிருந்து டீசல் போகிறது. ரேஷன் அரிசியும் கோதுமையும் உரமும் போகின்றன. நம் வீட்டு மின்விசிறி சுற்றுவதற்கும், நியாயவிலைக் கடையில் மூட்டை வந்து இறங்குவதற்கும் அந்த வண்டிகள் ஓடித்தான் ஆக வேண்டும். சரக்கு லாரியில் போனால் நம் ஜி.என்.டி. சாலையும் திருப்பதி சாலையும் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே கூட்ஸ் வண்டியை எதிரியாகப் பார்க்கும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. கடிதம் எழுதிய பலரும் அப்படிப் பார்க்கவில்லை.

அப்படியானால் நிற்பது ஏன்? ரயில்வேயில் எந்த வண்டிக்கு முதலிடம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. விபத்து மீட்பு ரயில் எல்லாவற்றுக்கும் முன்னால். அதன் பின் முக்கியப் பிரமுகர் ரயில், பிறகு அதிவிரைவு வண்டிகள், மெயில், எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் என்று போகும். கூட்ஸ் கடைசி. அலுவலக நேரத்தில் புறநகர் ரயில்களுக்குத் தனி முன்னுரிமையும் உண்டு. ஏட்டில் நாம் கூட்ஸுக்கு மேலே இருக்கிறோம். தண்டவாளத்தில் கதை மாறுகிறது.

ஒரு நிலக்கரி வண்டியில் சுமார் 58 வேகன்கள். வண்டியின் நீளம் 600 மீட்டருக்கு மேல். ஏற்றியிருக்கும் கரி மட்டுமே ஏறக்குறைய 4,000 டன். இதை நிறுத்த வேண்டுமானால் வெகு தூரத்துக்கு முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டால் மறுபடி நகர்ந்து வேகம் பிடிக்கப் பல நிமிடம் ஆகும். ஒதுக்கி நிறுத்த வேண்டுமானால் அத்தனை நீளத்தையும் விழுங்கக்கூடிய லூப் லைன் என்ற பக்கப் பாதை அந்த நிலையத்தில் இருக்க வேண்டும். அது காலியாகவும் இருக்க வேண்டும். லூப்புக்குள் வண்டி மெதுவாகத்தான் நுழைய முடியும். முழு வண்டியும் உள்ளே போய் முடிக்கும் வரை மெயின் லைன் அடைபட்டே கிடக்கும். மின்சார ரயிலோ எங்கே வேண்டுமானாலும் நிற்கும், அடுத்த நொடியே கிளம்பும்.

இப்போது கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் செக்‌ஷன் கண்ட்ரோலரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். கூட்ஸ் ஏற்கெனவே அந்தத் தடப் பகுதிக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் லோக்கல் வருகிறது. அதற்கும் பின்னால் 130 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி பெற்ற வந்தே பாரத்தோ சதாப்தியோ வருகிறது. கூட்ஸை நிறுத்தினால் அரைமணி நேரக் குழப்பம். லோக்கலை நிறுத்தினால் ஏழெட்டு நிமிடம். எவரும் லோக்கலைத்தான் நிறுத்துவார். அந்தக் கணத்தில் அது சரியான முடிவாகக்கூட இருக்கும். ஆனால் அந்தச் சரியான முடிவு நாள்தோறும், வேளைதோறும், ஒரே தரப்பின் தலையில் விழுகிறது. நிறுத்துவது எளிது என்ற ஒரே காரணத்துக்காக, நூற்றுக்கணக்கான பேர் ஏறிய வண்டி நிற்கிறது.

வேக வித்தியாசம் இன்னொரு சிக்கல். ஒரே தண்டவாளத்தில் எல்லா வண்டியும் ஒரே வேகத்தில் ஓடினால் ஒன்றன்பின் ஒன்றாக நிறைய வண்டிகளை விடலாம். மெட்ரோ ரயில் அப்படி ஓடுவதால்தான் சில நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. 60, 75 கிலோமீட்டரில் போகும் கூட்ஸ், 130-ல் பாயும் எக்ஸ்பிரஸ், இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று எழும் லோக்கல் என்று மூன்றும் கலந்தால், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் காலியாக விடவேண்டிய இடைவெளி பெருகிவிடும். பாதை நிறைந்திருப்பதாகத் தோன்றும். உண்மையில் இந்தக் காத்திருப்புதான் பாதையைத் தின்கிறது. மேற்கே நான்கு பாதைகள் இருக்கின்றன, இரண்டு லோக்கலுக்கு, இரண்டு மற்ற வண்டிகளுக்கு என்று கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நெரிசல் கூடும்போது கூட்ஸ் எந்தப் பாதையில் இடம் இருக்கிறதோ அங்கே வருகிறது. ஒரு பாதையிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்கே கடக்கும்போது நடுவில் இருக்கும் எல்லாப் பாதையும் நின்றுபோகிறது.

வடக்குப் பக்கம் அந்த வசதியும் இல்லை. அத்திப்பட்டு தாண்டியதும் கும்மிடிப்பூண்டி வரை இரண்டே பாதை. ஒன்று போக, ஒன்று வர. விஜயவாடா, விசாகப்பட்டினம், கொல்கத்தா, டெல்லி என்று வடக்கே போகும் அத்தனை எக்ஸ்பிரஸும், துறைமுகச் சரக்கும், நந்தியம்பாக்கம் முதல் கும்மிடிப்பூண்டி வரை நின்று நின்று போகும் லோக்கலும் அந்த இரண்டு பாதைக்குள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் ஆறு மணிக்கு, இரண்டு மணிக்கு என்று கறாராகத் தொடங்கும். பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் பொறுமை இழந்த பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்த செய்திகளை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். மறியலால் அடுத்த பத்து வண்டிகளும் தாமதமாகின்றன என்பது உண்மைதான். அவர்கள் குரல் வேறு எப்படித்தான் கேட்கும் என்பதற்கு எவரும் பதில் சொல்லவில்லை என்பதும் உண்மை.

ஒரே பாதையில் எல்லாமும் ஓடும்போது ஒன்றில் கோளாறு வந்தால் அனைத்தும் முடங்கும் என்பதை நம் திருவள்ளூர் மாவட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை கண்டது. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்கா போன பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போக வேண்டியது லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த கூட்ஸ் வண்டியின் மேல் மோதியது. பலர் காயமடைந்தார்கள், உயிர்ச்சேதம் இல்லாமல் போனது பெரும் புண்ணியம். 2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் டீசல் ஏற்றிய டேங்கர் ரயில் திருவள்ளூர் அருகே தடம்புரண்டு தீப்பிடித்து, 18 டேங்கர்கள் எரிந்தன. மேற்கே போகும் பாதை முழுவதும் அடைபட்டது. கரும்புகையை நம் வாசகர்கள் பலர் தங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். சுற்றுப்புற வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அன்று ஞாயிறு. அதுவே திங்கள்கிழமை எட்டு மணியாக இருந்து, பக்கத்துப் பாதையில் ஒரு லோக்கல் நின்றிருந்தால் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

தாமதத்துக்கு வருகிறேன். கூட்ஸ் வண்டி நம்மை முந்திப் போய் நிம்மதியாக ஊர் சேர்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2022-ல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, ரயில்களின் நேரந்தவறாமையை ஆராய்ந்தது. அதன்படி 2019-20-ல் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 23.6 கிலோமீட்டர்! மெயில், எக்ஸ்பிரஸ் சராசரி 50.6. கூட்ஸை ஓட்டுகிற லோகோ பைலட் லூப் லைனில் மணிக்கணக்கில் சிக்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் வயல், குடிக்க வைத்திருந்த தண்ணீர் தீர்ந்திருக்கும், வீட்டுக்கு எப்போது போவோம் என்று அவருக்கே தெரியாது. நாமும் நிற்கிறோம், அவரும் நிற்கிறார்.

அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. நம் நெடுந்தூர ரயில் கடைசி நிலையத்துக்குக் குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது சரியான நேரத்தில் வந்ததாகக் கணக்கு. நடுவில் எங்கே எவ்வளவு நின்றது என்பது அந்தக் கணக்கில் ஏறாது. கடைசி நிலையத்துக்கு முன்னால் அட்டவணையில் தாராளமாக நேரம் விட்டுவைக்கும் வழக்கமும் உண்டு. வண்டி சென்ட்ரலுக்குச் சரியாக வந்துவிட்டது என்று ஏட்டில் இருக்கும். அதற்காக ஒதுங்கி நின்ற லோக்கலில் வந்து அம்பத்தூரில் இறங்கியவர் அரைநாள் சம்பளம் இழந்திருப்பார். எனக்கு இந்த விஷயத்தில் சொல்ல இருப்பது இதுதான்: பாதையைப் பகிர்ந்துகொள்வது தவிர்க்க முடியாததாக இருக்கலாம், ஆனால் நம்மிடமிருந்து எடுக்கப்படும் நேரம் எங்கேனும் எழுதப்பட வேண்டும், நமக்குச் சொல்லப்பட வேண்டும்.

எழுதப்படாமல் இல்லை என்பதுதான் வேதனை. எந்த வண்டி எந்த நிலையத்தை எத்தனை மணிக்குக் கடந்தது என்பது கட்டுப்பாட்டு அறைக் கணினியில் நிமிடம் பிசகாமல் பதிவாகிறது. சரக்கு அனுப்பிய நிறுவனம் தன் வேகன் இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்று 'ஃபோயிஸ்' எனப்படும் ரயில்வேயின் கணினி அமைப்பில் பார்த்துக்கொள்ளலாம். நிலக்கரி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஏற்பாடு இருக்கிறது. அதே தண்டவாளத்தில், அதே சிக்னலில் நிற்கும் மனிதர்களிடம் "இன்னும் எட்டு நிமிடம் ஆகும்" என்று சொல்ல ஒரு குரல் இல்லை.

காசு கொடுப்பவர்களுக்குத்தானே மரியாதை என்று சிலர் சொல்வார்கள். ரயில்வேயின் வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமானது சரக்கிலிருந்து வருகிறது. 100 ரூபாய் செலவாகிற சேவைக்குப் பயணிகளிடம் அதில் பாதியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் வாங்குகிறோம் என்று ரயில்வே அமைச்சகம் சொல்கிறது. சென்னைப் புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். 2025 ஜூலையில் மற்ற கட்டணங்கள் உயர்ந்தபோதும் புறநகருக்கும் சீசன் டிக்கெட்டுக்கும் விலக்கு அளித்தார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். கூட்ஸ் சம்பாதித்துக் கொடுப்பதில்தான் நம் சீசன் டிக்கெட் மலிவாக இருக்கிறது என்பதும் மறுக்க முடியாதது. ஆனால் மலிவான டிக்கெட் வாங்கியவரின் நேரமும் மலிவானது என்று அதற்குப் பொருள் கிடையாது. மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அரைநாள் சம்பளம் என்பது சின்னத் தொகை அல்ல.

திருநின்றவூருக்காரர்களுக்குப் பூசலார் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. கையில் பொருள் இல்லாமல், மனத்துக்குள்ளேயே கல் எடுத்துக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் தன் கற்கோயிலுக்கு நாள் குறித்திருந்தான். இறைவன் அரசனின் கனவில் வந்து, அன்று நின்றவூர்ப் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், உன் நாளைத் தள்ளிவைத்துக்கொள் என்று சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அரசன் தள்ளிவைத்தான், தேடிக்கொண்டு இந்த ஊருக்கே வந்தான். எளியவர் ஒருவரின் நேரத்துக்காகப் பெரியவர் தம் நேரத்தை மாற்றிக்கொண்ட ஊர் இது. அந்தக் கதையோடு இணைந்த இருதயாலீசுவரர் கோயிலைக் கடந்து ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

உலகத்தில் வேறு எங்கும் இந்தச் சிக்கல் இல்லையா? அமெரிக்காவில் நம்மைவிட மோசம். அங்கே நெடுந்தூரப் பயணிகள் ரயில்களை 1971 முதல் நடத்திவரும் ஆம்ட்ராக் நிறுவனத்துக்குப் பெரும்பாலான தடங்களில் சொந்தத் தண்டவாளம் கிடையாது. தனியார் சரக்கு நிறுவனங்களின் தண்டவாளத்தில்தான் ஓட வேண்டும். பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை என்று 1973-லேயே சட்டம் வந்தது. இருந்தும் நியூயார்க்குக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஓடும் 'கிரசென்ட்' ரயில் தொடர்ந்து தாமதமாவதாக, 2024 ஜூலையில் அந்நாட்டு நீதித் துறை நார்ஃபோக் சதர்ன் என்ற சரக்கு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. அதன் தடத்தில் 2023-ல் தெற்கே போன கிரசென்ட் ரயில்களில் 24 சதவீதம் மட்டுமே நேரத்துக்குச் சேர்ந்தன என்று அந்த வழக்கு சொன்னது. சரக்கு ரயில்களை நீட்டிக்கொண்டே போனதால் அவை லூப்பில் அடங்குவதில்லை, ஆகவே பயணிகள் ரயில்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது என்பது அங்கும் சொல்லப்படும் காரணம்.

ஜப்பானில் நேர்மாறு. 1987-ல் அரசு ரயில்வேயைப் பிரித்தபோது தண்டவாளம் பயணிகள் நிறுவனங்களிடம் போனது. சரக்கு நிறுவனம் அவர்களிடம் வாடகைக்குத் தடம் வாங்கி ஓட்டுகிறது. நமக்கோ தண்டவாளம், கூட்ஸ், லோக்கல், எக்ஸ்பிரஸ் எல்லாமே ஒரே ரயில்வே. வழக்குப் போட வேண்டியதில்லை, வாடகைப் பேச்சும் இல்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கலாம்.

சரக்குக்கென்றே தனிப் பாதை போடுவதும் நம் நாட்டில் நடக்கிறது. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பீகாரின் சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர், டெல்லி அருகே தாத்ரியிலிருந்து மும்பை நேரு துறைமுகத்தை நோக்கி 1,506 கிலோமீட்டர். பெரும்பகுதி திறந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் தமிழ்நாட்டைத் தொடவில்லை. கிழக்குக் கடற்கரைக்கென்று பேசப்பட்டுவரும் தனிப் பாதையும் கரக்பூரில் தொடங்கி விஜயவாடாவோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வரை இன்னும் எவ்வளவு தூரம்! நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் ரயிலின் பங்கை 2030-க்குள் 45 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று தேசிய ரயில் திட்டம் சொல்கிறது. நல்ல இலக்கு, காற்றுக்கும் நல்லது. அது நிறைவேறினால் எண்ணூரிலிருந்தும் காட்டுப்பள்ளியிலிருந்தும் புறப்படும் கூட்ஸ் இன்னும் பெருகும். அத்திப்பட்டு – கும்மிடிப்பூண்டி மூன்றாவது, நான்காவது பாதையை அதற்கு முன்னால் முடிக்காவிட்டால் பொன்னேரிக்காரர் நிலை என்ன ஆகும்? இந்த மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டமன்ற உறுப்பினர்களும் வேறு எதைக் கேட்காவிட்டாலும் இதைக் கேட்க வேண்டும்.

புதுப் பாதை வர வருடங்கள் ஆகும். அதுவரை காலை ஆறரை முதல் பத்து வரையும், மாலை ஐந்து முதல் ஒன்பது வரையும் லோக்கல் பாதையில் கூட்ஸ் வராது என்று ஒரு ஏற்பாட்டை வெளிப்படையாக அறிவிக்கலாம். இரவு பதினொன்று முதல் விடியற்காலை நான்கு வரை லோக்கல் அநேகமாக இல்லை. அந்த நேரம் முழுவதையும் கூட்ஸுக்குக் கொடுக்கட்டும். பராமரிப்பு வேலைக்கும் இரவுதான் வேண்டும், எனவே இது சொல்லுமளவு எளிதல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அந்த மூன்று நேரங்களும் அச்சில் இருந்தால், மீறப்படும் நாளில் ஏன் என்று கேட்க நமக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

எனக்கு மிகவும் ஆசையாக இருப்பது ஒரு சின்ன விஷயம். ஜப்பானில் ரயில் தாமதமானால் நிலையத்தில் ஒரு துண்டுச் சீட்டு தருகிறார்கள். இன்ன தேதியில் இன்ன வழித்தடத்தில் வண்டி இத்தனை நிமிடம் தாமதம் என்று ரயில் நிறுவனமே சான்று கொடுக்கிறது. அலுவலகத்திலும் பள்ளியிலும் அதைக் காட்டினால் போதும். இப்போது இணையத்திலும் எடுத்துக்கொள்ளலாம். நம்மிடம் கைப்பேசியிலேயே டிக்கெட் எடுக்கும் அளவுக்கு வசதி வந்துவிட்டது. அப்படியொரு சான்று கைப்பேசியில் வந்து விழச் செய்வது ரயில்வேக்கு முடியாத காரியமா? அந்தத் தையல் பிரிவுச் சகோதரி அதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினால், அவரைப் பொய்க்காரி என்று எவரும் நினைக்க முடியாது.

தொழிற்சாலை நடத்தும் வாசகர்களும் நமக்கு உண்டு. உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மூலப்பொருள் வரும் அதே தண்டவாளத்தில்தான் உங்கள் தொழிலாளியும் வருகிறார். பொருள் தாமதமானால் அட்டவணையை மாற்றிக்கொள்கிறீர்கள் அல்லவா? ரயில் தாமதமான நாளில் பஞ்ச் நேரத்தில் கொஞ்சம் தயவு காட்டுங்கள்.

தினமும் ரயிலில் போகும் தம்பி தங்கைகளுக்கு மன்றாடிக் கேட்பது ஒன்று. நடைமேடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கூட்ஸ் நின்றால் அதன் அடியில் புகுந்து போகாதீர்கள். இணைப்பின் மேல் ஏறித் தாண்டாதீர்கள். அந்த வண்டி நகரும்போது விசில் உங்களுக்குக் கேட்காமல் போகலாம். கடைசி வேகன் பக்கம் நிற்பவர் அங்கே இருக்கிறார் என்று 600 மீட்டருக்கு முன்னால் இருக்கும் டிரைவருக்குத் தெரிய வழியே இல்லை. வேகன் மேல் ஏறினால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் ஓடுகிறது. கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே இழுத்துவிடும். வேப்பம்பட்டு மேம்பாலம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டபோது தண்டவாளத்தைக் கடந்து உயிரிழந்தவர்களின் வீடுகள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. சம்பளம் போனால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

இனி நாம் செய்யப்போவது. அடுத்த மாதம் முழுவதும் உங்கள் வண்டி நடுவழியில் நின்றால் தேதி, ஏறிய ஊர், நின்ற இடம், நின்ற நேரம், புறப்பட்ட நேரம், கடந்து போனது கூட்ஸா எக்ஸ்பிரஸா என்று ஒரு வரி குறித்து அனுப்புங்கள். கோபத்தை எழுத வேண்டாம், நேரத்தை மட்டும் எழுதுங்கள். 139 எண்ணில் புகார் பதிந்திருந்தால் அந்தப் பதிவு எண்ணையும் சேருங்கள். எல்லாவற்றையும் ஊர் வாரியாகத் தொகுத்து, சென்னைக் கோட்ட ரயில்வே மேலாளர் அலுவலகத்திலும், கோட்ட ரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவிலும் நேரில் கொடுப்போம். அவர்களுடைய கணினியில் இருக்கும் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்போம். என்ன பதில் வந்தாலும் அதை இந்தப் பக்கத்தில் அப்படியே வெளியிடுவேன்.

குறிப்புகள் அடுத்த மாதக் கடைசித் தேதிக்குள் வந்து சேர வேண்டும். தபால் உறையின் மேல் 'ரயில் நேரம்' என்று எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் முதல் வரியில் ஏறும் ஊரின் பெயரைப் போடுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் அவர்கள் நேரத்தையும் சேர்த்து நீங்களே குறித்து அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்